சேலத்துல பழைய ஃப்ளூட்டிங் அயர்ன் சேர்க்கணுமா, பல்லைப் பாத்து வாங்குங்க

பித்தளை கரி இஸ்திரி பெட்டி சேர்க்கிறவங்க நம்ம சேலத்துல நிறைய பேர் இருக்காங்க. ஹோட்டல் வரவேற்புல, துணிக்கடை ஷோகேஸ்ல, ஏற்காடு காட்டேஜ் ஜன்னல் ஓரத்துல எல்லாம் ஒண்ணு உக்காந்திருக்கும். அதைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. நான் சொல்லப் போறது அதோட பங்காளியைப் பத்தி, ஃப்ளூட்டிங் அயர்ன், காஃபரிங் அயர்ன், கிரிம்பிங் மிஷின்னு பல பேர்ல வர்ற பழைய சாமான். மத்த பெட்டிங்க வேலை துணியில இருக்கிற சுருக்கத்தை எடுக்கிறது, இதுக்கு வேலையே சுருக்கம் போடுறதுதான், அதுவும் அலை அலையா ஒரே அளவுல, கஞ்சி போட்டு சூட்டுல அமுக்கினா அடுத்த துவையல் வரைக்கும் அப்படியே நிக்கும்.

கொஞ்சம் கதை தெரிஞ்சுக்கிட்டா தேடுறது சுலபம். ஐரோப்பாவில 1500கள்ல பெரிய மனுஷங்க கழுத்தைச் சுத்தி அகலமா வெள்ளையா ஒரு ஃப்ரில் போட்டிருப்பாங்க, முதலாம் எலிசபெத் ராணி ஓவியத்துல பாத்திருப்பீங்க. அது தொங்காம நிக்கணும்னா கஞ்சியும் வேணும் சூடான கம்பியும் வேணும், இங்கிலாந்துல துணிக்குக் கஞ்சி போடுற வேலை 1560கள்லதான் பிடிச்சுது. அங்கிருந்து முந்நூறு வருஷம் கழிச்சு விக்டோரியா காலத்துல பாவாடை ஓரம், தொப்பி, சட்டைக் கை, தலையணை உறைன்னு பாக்கிற இடமெல்லாம் ஃப்ரில். அமெரிக்காவில 1860, 70கள்ல ஆளாளுக்கு ஒரு டிசைன் போட்டு பேட்டன்ட் வாங்கித் தள்ளினாங்க, இன்னைக்கு கலெக்ஷன்னு கைமாறுறது பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்குதான். 1882ல நியூயார்க்ல ஹென்றி சீலி கரண்ட் பெட்டிக்கு பேட்டன்ட் வாங்கினாரு, அப்புறம் ஃபேஷனும் மாறிப் போச்சு, இதெல்லாம் பரணுக்கு ஏறிடுச்சு.

சரி, அமெரிக்காவில செஞ்சதுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. அமெரிக்க மிஷின் இங்க தெருவுல கிடைக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன், அதுக்கு ஆன்லைன்தான். ஆனா 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு காப்பியைக் கொண்டு வந்ததுல இருந்து வெள்ளைக்காரத் தோட்டக்காரங்க அங்க பங்களா கட்டி குடும்பத்தோட இருந்தாங்க, பின்னாடி கான்வென்ட், சர்ச், போர்டிங் ஸ்கூல் எல்லாம் வந்துச்சு. அந்த வீடுங்களுக்கு சலவை சாமான் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு. பங்களா கைமாறும்போது புது ஓனர் முதல்ல காலி பண்றது சமையல்கட்டுக்குப் பின்னாடி இருக்கிற சலவை ரூமைத்தான், அந்த லோடு இருவது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேரா நம்ம காயலான்கடைக்குத்தான் வரும். அதனால இங்க தேடுறவங்களுக்கு இங்கிலீஷ் காஃபரிங் அயர்ன், இடுக்கி, வார்ப்பிரும்பு பெட்டி, பெரும்பாலும் இந்த மூணுலதான் அதிர்ஷ்டம் அடிக்க வாய்ப்பு.

இனி முக்கியமான விஷயம், இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தை மறந்தாலும் பரவாயில்ல. இந்தச் சாமான் எல்லாமே ஜோடி. கீழ மேடும் பள்ளமுமா வரி போட்ட ஒரு தகடு, இந்த வரியைத்தான் பல்லுன்னு சொல்றேன், மேல அதுக்குப் பொருந்துற வரி போட்ட இன்னொண்ணு. இல்லன்னா ரெண்டு உருளை. இல்லன்னா ஒரு குழாய், அதுக்குள்ள போற கம்பி. பாதி மட்டும் கிடைச்சா அது இரும்பு விலைக்குத்தான் ஆகும். வேற எங்கயாவது மிச்ச பாதி கிடைக்கும்னு வாங்கிப் போட்டா கிடைக்கவே கிடைக்காதுன்னு இல்ல, ஆனா ஒரே கம்பெனி ஒரே மாடல்ல கூட பல்லு அளவு மாறி வரும், பொருந்தாது. சந்தையில மாடு வாங்குறவங்க வாயைத் திறந்து பல்லைப் பாக்கிற மாதிரி நாமளும் முதல்ல பல்லைத்தான் பாக்கணும், பெயின்டையும் கைப்பிடியையும் அப்புறம் பாத்துக்கலாம்.

வகை என்னென்னன்னு பாப்போம்.

பழசுலயே பழசு காஃபரிங் அயர்ன், இத்தாலியன் அயர்ன்னும் சொல்லுவாங்க. ஒரு ஸ்டாண்டு மேல படுக்க வச்ச குழாய், கட்டை விரல் தடிமன்ல இருந்து இன்னும் பெருசா வரைக்கும் வரும், ஒரு முனை மூடி லேசா கூராகி இருக்கும், இன்னொரு முனை திறந்திருக்கும். அடுப்புல பழுக்கக் காய்ச்சின கம்பியை திறந்த பக்கமா உள்ள விட்டுட்டு, குழாய் சூடானதும் ஈரக் கஞ்சித் துணியை ரெண்டு கையாலயும் பிடிச்சு குழாய் மேல வளைச்சு இழுப்பாங்க, ஒரு இழுப்புக்கு ஒரு வளைவு. ரிப்பன் தேய்க்கவும், தொப்பி நாடா தேய்க்கவும் கூட இதைத்தான் வச்சிருந்தாங்க. ஸ்டாண்டு வார்ப்பிரும்பாவோ பித்தளையாவோ இருக்கும், சிலதுல ஒரே அடியில பெருசும் சிறுசுமா ரெண்டு குழாய் இருக்கும். இதுல தொலையுறது எப்பவும் அந்தக் கம்பிதான். கைப்பிடி வளைஞ்ச ஒரு தடி இரும்பு, அடுப்பு கிளறுற கம்பின்னு நினைச்சு எவனாவது தனியா எடுத்து வச்சிருப்பான். அதனால குழாயைப் பாத்த உடனே சுத்திமுத்தி பழைய கம்பிக் குவியலையும் ஒரு தடவை கிளறிப் பாருங்க.

அடுத்தது இடுக்கி வகை, ரெண்டு கைப்பிடி, நுனியில ரெண்டு மூணு விரலு விட்ட மாதிரி உருண்டைக் கம்பிங்க. இதை முடி சுருட்டுற இடுக்கின்னு சொல்லித்தான் விப்பாங்க. முடி இடுக்கியில பெரும்பாலும் ஒரு பக்கம் உருண்டை, இன்னொரு பக்கம் அதைக் கவ்வுற குழி, அவ்வளவுதான். நிறைய விரல் கோத்துக்கிட்டு போற மாதிரி இருந்தா அது துணிக்கு. மூடிப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க, எல்லா இடுக்கும் ஒரே அளவுல தெரியணும், ஒரு விரல் வளைஞ்சிருந்தாலும் அந்த இடத்துல மடிப்பு கோணும்.

மூணாவது ராக்கர். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா சின்னது, கூரியர்ல வரும், உடையுற பார்ட்டே கிடையாது. கீழ செவ்வகமா வரி போட்ட இரும்புத் தகடு, மேல வளைஞ்ச அடியில வரி போட்டு கைப்பிடி வச்ச துண்டு, தகட்டு மேல துணியை வச்சு மேல் துண்டை இப்படி அப்படி ஆட்டினா மடிப்பு விழுந்துடும். இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் ஜெனீவா ஹேண்ட் ஃப்ளூட்டர், ஜெனீவான்னதும் சுவிட்சர்லாந்துன்னு விக்கிறவங்க சிலர் அடிச்சு விடுவாங்க, அது அமெரிக்காவில இல்லினாய்ஸ்ல இருக்கிற ஊரு. வார்ப்புலயே 1866ன்னு பேட்டன்ட் வருஷம் இருக்கும், அடித்தகட்டுல ஹீட் திஸ்னு எழுத்தும் இருக்கும், எதைச் சூடு பண்ணணும்னு வேலைக்காரங்களுக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு அச்சடிச்சே குடுத்துட்டான், இந்தக் காலத்து மேனுவலை விட இது எவ்வளவோ மேல்.

நாலாவது, கையால சுத்துற மிஷின். சாப்பாட்டு மேஜை ஓரத்துல முடுக்குறதும் உண்டு, தானா நிக்கிறதும் உண்டு. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பித்தளைப் பல் உருளை, உருளைக்குள்ள ஓட்டை, அதுக்குள்ள காய்ச்சின இரும்புக் கட்டையைச் சொருகி கைப்பிடியைச் சுத்தினா துணி ஒரு பக்கம் தட்டையாப் போய் மறுபக்கம் அலையா வரும். சூசன் நாக்ஸ்னு ஒரு அம்மா 1866ல பேட்டன்ட் வாங்கின மிஷின் பழசு சேர்க்கிறவங்க நடுவுல பெரிய பேரு, அந்த அம்மா படமே மிஷின்ல ஒட்டி வந்துச்சு. அடுத்தது ஃபிலடெல்ஃபியா அமெரிக்கன் மிஷின் கம்பெனியோட கிரவுன், ஈகிள். கருப்பு பெயின்ட் மேல தங்கக் கோடு, பூ வேலை எல்லாம் போட்டு தையல் மிஷின் அழகுல இருக்கும். விலையும் அதுக்கேத்த மாதிரி, ஷிப்பிங் அதுக்கு மேல, வார்ப்பிரும்பு கனம் அப்படி.

இது தவிர ஓரமா சில சாமான் இருக்கு. மரத்துலயே வரி செதுக்கின பலகையும் அதுக்கு ஏத்த வரி உருளையும், சூடே இல்லாம ஈரத்துல உருட்டிக் காய வைக்கிறது. ஸ்மாக்கிங் பிளீட்டர், குழந்தை ஃப்ராக்ல நெஞ்சுல சுருக்கம் வச்சு எம்பிராய்டரி போடுவாங்களே, அதுக்கு பித்தளை உருளையும் வரிசையா வளைஞ்ச ஊசியும் வச்ச சின்ன மிஷின், இதுல ஊசி உடைஞ்சிருந்தா வாங்காதீங்க, அந்த ஊசி நம்ம ஊர்ல கிடைக்காது. அப்புறம் பிளீட்டிங் அட்டை, கெட்டி அட்டையை விசிறி மடிப்பா மடிச்சு ரெண்டா வச்சிருப்பாங்க, நடுவுல துணியை வச்சுச் சுருட்டிக் கட்டி ஆவியில வச்சு எடுத்தா பாவாடை முழுக்க மடிப்பு. பழைய டெய்லருங்க கடையை மூடும்போது இந்த அட்டையை முதல்ல குப்பையில போட்டுடுவாங்க, இதுவும் ஜோடிதான், மேலட்டை கீழட்டை ரெண்டும் இருக்கான்னு பாருங்க.

தேடப் போனா முதல்ல ஏமாத்துறது மத்த தொழில் சாமான்தான். சேலத்துல இது ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா செவ்வாய்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறைங்க அத்தனை இருக்கு, அங்க கழிச்சு விட்ட பழைய கம்பி இழுக்கிற கை ரோலிங் மிஷின் காயலான்கடைக்கு வந்து நிக்கும், ரெண்டு உருளை, கைப்பிடி, வரி எல்லாம் இருக்கும். வரி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. கம்பி மிஷின்ல உருளையைச் சுத்தி மோதிரம் மோதிரமா ஓடும், துணி மிஷின்ல உருளையோட நீளத்துக்கு ஓடும். ஒரு பார்வையில முடிஞ்சு போற விஷயம் இது. இன்னொண்ணு பழைய மெடிக்கல் ஷாப்பு சாமான், மாத்திரை உருட்டுற பலகை. மரத்து மேல வரி போட்ட பித்தளைத் தகடு, மேல அதே வரி போட்ட ஒரு கட்டை, பாக்கிறதுக்கு அச்சு அசல் ஃப்ளூட்டர்தான், விவரம் தெரியாத டீலர் அப்படித்தான் விப்பான். அதுல வரிக்கு நடுவுல இருக்கிற மேடு கத்தி மாதிரி கூரா இருக்கும், மருந்து மாவை வெட்டணுமில்ல, பக்கத்துல மாத்திரை விழ ஒரு தட்டும் இருக்கும். துணிக்கு உண்டானதுல மேடும் பள்ளமும் ரெண்டுமே உருண்டையா இருக்கும், இல்லன்னா துணி கிழிஞ்சிடும். விரலை வச்சு குறுக்கால இழுத்துப் பாத்தாலே தெரிஞ்சுடும். அதே கெமிஸ்ட் கடையில இருந்து வர்ற இன்னொண்ணு கார்க் அமுக்கி, நெம்புகோல் வச்ச வார்ப்பிரும்பு, வாயில பல்லு, அதுவும் நல்ல பழைய சாமான்தான் ஆனா நம்ம சமாச்சாரம் இல்ல.

இப்ப சோதிக்கிற விதம். பரோட்டா பார்சல் கட்டுற அலுமினிய ஃபாயில் ஒரு துண்டு எப்பவும் பர்ஸ்ல மடிச்சு வச்சுக்கோங்க, நான் இது இல்லாம கடைக்குப் போறதே இல்ல. அடித்தகட்டைப் பழைய பிரஷ்ஷால தட்டி மண்ணை எடுத்துட்டு ஃபாயிலைப் பரப்பி மேல் துண்டை வச்சு ஒரு தடவை மெதுவா ஆட்டுங்க. எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சா எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். மேடெல்லாம் ஒரே உயரத்துல பளிச்சுன்னு விழுந்திருந்தா ஜோடி சரி. ஒரு ஓரத்துல ஆழமா மறு ஓரத்துல மேலோட்டமா இருந்தா ஒண்ணு தேய்ஞ்சிருக்கு இல்ல வளைஞ்சிருக்கு. மேட்டு மேல ஃபாயில் கிழிஞ்சிருந்தா ரெண்டும் வேற வேற சாமான்ல இருந்து வந்த துண்டுங்க, பல்லு பல்லு மேல ஏறுது. நடுவுல ஒரே ஒரு வரி மட்டும் மழுங்கி இருந்தா அந்த இடத்துல துரு தின்னிருக்கு, அது ஓரளவுக்குப் பரவாயில்ல. சுத்துற மிஷின்னா ஃபாயிலை உருளைக்கு நடுவுல விட்டு ஒரு முழுச் சுத்து சுத்துங்க, பாதிச் சுத்துல மடிப்பு ஆழமாவும் மறுபாதியில மேலோட்டமாவும் விழுதுன்னா உருளை அச்சு வளைஞ்சிருக்கு, அதை விட்டுடறது நல்லது.

வார்ப்புல இருக்கிற வருஷத்தை நம்பி விலை பேசாதீங்க. அது பேட்டன்ட் கிடைச்ச வருஷம், செஞ்ச வருஷம் இல்ல, 1866 போட்ட சாமான் அப்புறம் பல வருஷம் வார்த்து வித்திருப்பாங்க. இங்கிலீஷ் சாமான்ல சின்னதா ஒரு வைரக்கட்டம், அதுக்குள்ள எழுத்துங்க இருந்தா அது டிசைன் ரிஜிஸ்டர் பண்ண முத்திரை, 1842ல இருந்து 1883 வரைக்கும் அந்த முறை, 1884ல இருந்து வெறும் ஆர்டி நம்பர், அதாவது ரிஜிஸ்டர் பண்ண நம்பர், வந்துடும். வார்ப்பிரும்பு இஸ்திரி பெட்டியில கென்ரிக், சிடன்ஸ்னு பேர் பாத்தா ரெண்டுமே வெஸ்ட் பிராம்விச் கம்பெனி, கூட இருக்கிற 5, 6, 7 எல்லாம் சைஸ் நம்பர், அதை வருஷம்னோ மாடல்னோ சொல்லி யாராவது கதை விட்டா சிரிச்சுட்டு நகருங்க.

போலி வேற இருக்கு. பழசை அச்சா வச்சு மண்ணுல பதிச்சு வார்த்ததுல எழுத்து மொழுக்குன்னு இருக்கும், அடிப்பக்கம் மணல் மணலா சொரசொரப்பா இருக்கும், இரும்பு ஆறும்போது சுருங்குறதால அசலை விட ஒரு துளி சின்னதா வரும், ஓரத்துல கிரைண்டர் தேய்ச்ச கோடு தெரியும். நட்சத்திர வெட்டு ஸ்க்ரூ இருந்தா அது 1930களுக்கு அப்புறம் வந்த சரக்கு, குறைஞ்சபட்சம் அந்த இடத்துல யாரோ கை வச்சிருக்காங்க. துரு கூட பாக்கத் தெரியணும், நிஜமான பழைய துரு கருஞ்சிவப்பா இறுக்கமா இருக்கும், உப்புத்தண்ணி தெளிச்சு அவசரமா ஏத்தினது ஆரஞ்சுப் பொடியா விரல்ல ஒட்டும்.

காயலான்கடையில பேசுறதுக்கு ஒரு முறை இருக்கு. ஆன்டிக்குங்கிற வார்த்தையை வாயில இருந்து விட்டுடாதீங்க, விட்டா எடைக்குப் போற சாமான் அந்த நிமிஷமே அலமாரிக்கு ஏறிடும். சேலத்துல குகைங்கிற ஏரியாப் பக்கம் ஒரு கடையில நடந்த பேச்சு இது.

"அண்ணா, அந்த வரி வரியா இருக்கிற இரும்பு என்னங்ண்ணா?"

"தெரியல தம்பி, முறுக்கு அச்சோ என்னமோ, மலையில இருந்து வந்த லோடு. வேணும்னா எடை போட்டு எடுத்துக்க."

"இதுக்கு மேல கைப்பிடி வச்ச துண்டு ஒண்ணு இருக்குமே?"

"அந்தா அந்த மூட்டையில தேடு. டீ சொல்லட்டுமா?"

விலையைக் கேக்கிறதுக்கு முன்னாடி மிச்ச பாதியைக் கேட்டதைக் கவனிங்க. விலை பேசி முடிச்சுட்டு அப்புறம் மூட்டையைக் கிளறினா அவருக்கு உஷார் வந்துடும், அந்தத் துண்டுக்குத் தனி ரேட்டு. டீ சொன்னா குடிச்சுட்டு வாங்க, அடுத்த லோடு வந்தா உங்களுக்குத்தான் முதல் போன். ஆனா இந்தச் சாமர்த்தியம் எல்லாம் எடை போடுற வியாபாரிகிட்ட மட்டும்தான். பங்களாவுல ரொம்ப வருஷம் வேலை பாத்த ஒரு அக்காவோ, வாட்ச்மேன் தாத்தாவோ அவங்க வீட்டுல இருக்கிறதை விக்கிறாங்கன்னா, எடை கணக்குப் பேசாதீங்க, இது இன்ன சாமான் இவ்வளவு பெறும்னு சொல்லி நியாயமா குடுங்க, ஏற்காடு சின்ன ஊரு, நல்ல பேரும் கெட்ட பேரும் சாயங்காலத்துக்குள்ள ஊர் சுத்தி வந்துடும்.

ஆன்லைன்ல வாங்குறவங்க விக்கிறவர்கிட்ட மூணு போட்டோ கேளுங்க. ரெண்டு துண்டையும் பொருத்தி வச்சு பக்கவாட்டுல எடுத்தது, பின்னாடி விளக்கு வச்சு பல்லுக்கு நடுவுல வெளிச்சம் எப்படி வருதுன்னு தெரியுற மாதிரி. உருளை ஓட்டைக்குள்ள எடுத்தது, உள்ள பிளவு இருக்கான்னு பாக்க. அப்புறம் இரும்புக் கட்டைங்க கூட இருக்கான்னு தெரியுற ஒண்ணு. போட்டோ அனுப்பச் சோம்பல் படுறவர்கிட்ட வாங்கவே வேணாம். பார்சல்ல வார்ப்பிரும்பு கீழ விழுந்தா கண்ணாடிக்குச் சமம், வளையாது, உடையும், ரெண்டு துண்டையும் தனித்தனியா சுத்தச் சொல்லுங்க.

கிடைச்சாச்சு, இனி சுத்தம் பண்றது. இங்கதான் அவசரக்காரங்க சாமானைக் கெடுக்கிறது. பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீங்க, கிரைண்டர்ல மாட்டுற கம்பி பிரஷ்ஷும் வேணாம், துருவோட சேத்து எழுத்தையும் பல்லு மேட்டையும் தின்னுடும். முதல்ல மண்ணெண்ணெயிலயோ டீசல்லயோ ஒரு ராத்திரி ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க, பாதி அழுக்கு அதுலயே போயிடும், நாம துருன்னு நினைச்சது பெரும்பாலும் கருகின கஞ்சியாத்தான் இருக்கும். மிச்சத் துருவுக்கு வினிகர்ல ஊற வைக்கலாம், ஆனா அடிக்கடி எடுத்துப் பாக்கணும், விட்டுட்டு ஊருக்குப் போயிடக் கூடாது. எடுத்த உடனே சோடா உப்புத் தண்ணியில கழுவி, துடைச்சு, லேசான சூட்டுல ஈரம் போக வச்சு தையல் மிஷின் எண்ணெய் ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் போடாதீங்க, நாளாக ஆக பிசுபிசுன்னு பிடிச்சுக்கிட்டு தூசியைச் சேத்துக்கும். நிக்கல் பூச்சு இருந்தா ஈரத்துணியோட நிறுத்திக்கோங்க. சுத்துற மிஷின்ல கருப்பு பெயின்டும் தங்கக் கோடும் எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் புதுசா பெயின்ட் அடிக்காதீங்க, அடிச்சா பாதி மதிப்பு அங்கயே போச்சு.

பித்தளை உருளையைப் புளி போட்டுத் தேய்க்கிறது நம்ம வீட்டு வழக்கம், அம்மாக்கள் கையில குடுத்தா குத்துவிளக்கு கணக்கா மின்ன வச்சுடுவாங்க. வேணாம்னு சொல்லல, ஆனா புளிச்சாறு பல்லு இடுக்குல தங்கிடுச்சுன்னா பச்சைக் களிம்பு வரும், தேய்ச்சுத் தேய்ச்சு மேடும் மழுங்கும். கையால தொடுற கைப்பிடிப் பக்கம் மட்டும் மினுக்குங்க, பல்லைக் கருத்தபடியே விடுங்க.

வெறும் ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல, ஒரு தடவையாவது அதை வேலை செய்ய விடணும். இதுல நம்ம ஊருக்கு ஒரு வசதி, ஜவ்வரிசிக்கு சேலத்தை விட்டா வேற ஊரு ஏது, 2023ல புவிசார் குறியீடே கிடைச்சுடுச்சு. குச்சிக்கிழங்கு மாவுக் கஞ்சி அரிசிக் கஞ்சியை விடத் தெளிவா இருக்கும், வெள்ளைத் துணியில பழுப்பு தெரியாது. ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊற வச்சு, ஒரு சொம்புத் தண்ணியில கண்ணாடியா கரையுற வரைக்கும் காய்ச்சி, மெல்லிசு துணியில கட்டாயம் வடிகட்டுங்க, ஒரு கட்டி பல்லுல ஒட்டினாலும் அது கருகி அடுத்த துணியில கறை போடும். பழைய சலவைக்காரங்க கஞ்சி சூடா இருக்கும்போதே துளி மெழுகு கரைச்சு விடுவாங்க, இரும்புல ஒட்டாம வழுக்கிட்டு வரும், ஒரு மினுமினுப்பும் கிடைக்கும். துணி சுத்தப் பருத்தியா இருக்கணும், மல் துணி, பழைய வேட்டிக் கிழிசல் எல்லாம் அருமையா வரும். பாலியெஸ்டர் கலந்தது உருகி ஒட்டிக்கும், பட்டுல வேணவே வேணாம்.

துணியைக் கஞ்சியில முக்கிப் பிழிஞ்சு முக்கால்வாசி காய விடுங்க, தொட்டா ஈரம் இருக்கணும் ஆனா பிழிஞ்சா தண்ணி வரக்கூடாது. அடித்தகட்டை நேரா கேஸ் நெருப்புல வைக்காதீங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆன வார்ப்பிரும்பு ஒரே இடத்துல சூடானா விரிசல் விட்டுடும், தோசைக்கல்லை சிம்ல வச்சு அது மேல தகட்டை வைங்க, தகட்டு மேலயே ராக்கரையும் உக்கார வச்சா அதுவும் சேந்து சூடாகும். தண்ணி தெளிச்சா சுர்ருன்னு ஆவியாகணும், முத்து முத்தா ஓடி உருண்டா சூடு ஜாஸ்தி. முதல்ல ஒரு வேண்டாத துணியில அமுக்கிப் பாருங்க, பழுப்புக் கோடு விழுந்தா கொஞ்சம் ஆற விடுங்க. அப்புறம் துணியை வரிக்குக் குறுக்கா வச்சு, இழுக்காம, ராக்கரை ஒரு ஓரத்துல பல்லுல உக்கார வச்சு மெதுவா மறு ஓரத்துக்கு உருட்டி ஒரு மூச்சு விடுற நேரம் அமுக்கிப் பிடிங்க. அடுத்த இடத்துக்கு நகத்தும்போது கடைசியா விழுந்த ரெண்டு மடிப்பைத் தகட்டோட முதல் ரெண்டு பள்ளத்துல மறுபடி உக்கார வைக்கணும், இதை விட்டா இணைப்புல ஒரு அகல மடிப்பு அசிங்கமா தெரியும். ஆறின பிறகுதான் தூக்கணும், சூட்டோட தூக்கினா தொங்கிடும்.

சுத்துற மிஷின்ல கட்டை இல்லாம வந்துச்சுன்னா கவலை வேணாம், நம்ம ஊர்ல லேத் பட்டறைக்கா பஞ்சம். உருளையையே எடுத்துட்டுப் போய் ஓட்டையை அளந்து மைல்ட் ஸ்டீல் தடியில கடைஞ்சு வாங்குங்க, ஓட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவா இருக்கட்டும், சரியான அளவுல கடைஞ்சா சூட்டுல விரிஞ்சு உள்ள மாட்டிக்கும். நுனியில ஒரு ஓட்டை போடச் சொல்லுங்க, கம்பியால மாட்டி எடுக்க. செவக்கச் செவக்கக் காய்ச்சிச் சொருகாதீங்க, உருளை பித்தளை. புதுக் கட்டை போட்டிருக்கீங்கன்னு பின்னாடி விக்கும்போது மறைக்காம சொல்லிடுங்க.

கரி அடுப்புல காய்ச்சுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, குறிப்பா ஏற்காட்டுல. குளிருதுன்னு கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு உள்ள கரி மூட்டாதீங்க, கரியில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தலை சுத்தி விழுந்த பிறகுதான் தெரியும். அதே மாதிரி பழைய கரண்ட் பெட்டி லோடோட சேந்து வந்தா அதைப் பிரிச்சுப் பாக்காதீங்க, பழசுல உள்ள ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருக்க வாய்ப்பு உண்டு.

பத்திரப்படுத்துறதுல மலைக்கும் கீழுக்கும் வித்தியாசம் உண்டு. சேலம் வெயிலுக்கு எண்ணெய்ப் பூச்சு ஒண்ணே போதும், மலையில மூடுபனி சீசன்ல அலமாரிக்குள்ளயே ஈரம் ஏறும், அங்க வைக்கிறவங்க எண்ணெய்க்கு மேல தேன்மெழுகு ஒரு பூச்சு குடுத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடுற டப்பாவுல வைங்க. நியூஸ் பேப்பர்ல சுத்தாதீங்க, துவைச்சு கஞ்சி போன பருத்தித் துணியில சுத்துங்க, கஞ்சித் துணியில சுத்தினா கரப்பானும் பூச்சியும் தேடி வரும். சுத்துற மிஷின்ல மேல் உருளையை அமுக்குற ஸ்க்ரூவைத் தளர்த்தி வைங்க, வருஷக் கணக்குல பல்லு பல்லை அமுக்கிட்டு இருந்தா அச்சு வளையும். ரெண்டு துண்டையும் ஒரே டப்பாவுல வைங்க, வீடு மாத்தும்போது பிரிஞ்சு போன ஜோடிங்கதான் இன்னைக்குக் காயலான்கடையில ஒத்தையா கிடக்குது.

வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும், இல்ல அங்க பழசு சேர்க்கிறவங்க யாருக்காவது விக்கணும்னு நினைச்சா முதல்ல வயசைப் பாருங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பழம்பொருளை அனுமதி இல்லாம நாட்டை விட்டுக் கொண்டு போக முடியாது, அது இங்கிலாந்துல செஞ்சு இங்க வந்ததாவே இருந்தாலும் இந்திய தொல்லியல் துறைகிட்ட கேட்டுத் தெளிவு பண்ணிக்காம பார்சல் கட்டாதீங்க. வெளியில இருந்து வாங்குறதுக்கு வந்த பில், கஸ்டம்ஸ் ரசீது எல்லாத்தையும் அந்த டப்பாவுக்குள்ளயே போட்டு வைங்க, எப்ப வந்துச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.